ராத்திரி தூக்கம் வருதாம்மா?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி ஏரல், ஸ்ரீவைகுண்டம் வீடுகளுக்குள் புகுந்தது. தண்ணீர் வடிந்ததும் சேற்றை வாரி, ஊறிப்போன ரேஷன் கார்டையும் பிள்ளைகளின் மார்க் ஷீட்டையும் வெயிலில் காயவைத்தது பெண்கள்தான். மிகவும் பாதிக்கப்பட்ட வட்டங்களில் அரசு குடும்பத்துக்கு 6,000 ரூபாய் தந்தது. இப்படிப்பட்ட நேரத்தில் மருத்துவ முகாமில் காய்ச்சல் பார்ப்பார்கள், பேதி பார்ப்பார்கள். “ராத்திரி தூக்கம் வருதாம்மா?” என்று கேட்பது இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை.

தூத்துக்குடியின் முத்துக்குளித்துறைக்கு எதிர்க்கரையான இலங்கையில் அதற்கென்றே ஆள் வைத்தார்கள். 2004 சுனாமியில் இலங்கைத் தீவு மறைத்து நின்றதால் தூத்துக்குடி பெரிய உயிர்ச்சேதமின்றித் தப்பியது. இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அங்கே மனநல மருத்துவர்கள் மிகக் குறைவு. ஆனால் போர்க்காலத்திலேயே யாழ்ப்பாணத்தின் ‘சாந்திகம்’ போன்ற அமைப்புகள் உள்ளூர்க்காரர்களை உளவளத்துணையாளர்களாகப் பயிற்றுவித்திருந்தன. சுனாமிக்குப் பின், உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு, வீடு வீடாகப் போய் விசாரிக்கச் சமூகப் பணியாளர்கள் நியமிக்கப்பட்டார்கள். 2005இன் தேசிய மனநலக் கொள்கையும் சிகிச்சையை மாவட்டங்களுக்குக் கொண்டுபோகச் சொன்னது.

சுனாமிக்குப் பின் பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸும் தமிழகக் கடலோரத்தில் தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. நல்ல வேலை, ஆனால் நிவாரணத்தோடு வந்தது, பெரும்பாலும் நிவாரணத்தோடு ஓய்ந்தது.

பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மாருக்குத் தமிழக அரசு இன்னொரு வழி கண்டது. குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டவர்கள் மீண்டும் கருத்தரிக்க, அறுவைச் சிகிச்சைச் செலவை ஏற்றது. சிலருக்கு மடி நிறைந்தது உண்மை. ஆனால் போன பிள்ளைக்காக அழுது தீர்க்கும் முன்பே அடுத்ததைப் பெற்றுக் கொடுக்கும் பொறுப்பும் அவள் தலையில் விழுந்தது.

வீட்டு விஷயத்தில் தமிழகம் ஒரு படி மேல். சுனாமி வீடுகளைக் கணவன், மனைவி இருவர் பெயரிலும் எழுதியது. இலங்கையின் மட்டக்களப்பில் வீடு வழிவழியாக மகளுக்குச் சீதனமாகப் போவது. சுனாமிக்குப் பின் கட்டிய வீடுகளோ ‘குடும்பத் தலைவர்’ என்று பல இடங்களில் ஆண் பெயருக்குப் போயின. பெண்கள் அமைப்புகள் அதை எதிர்த்துக் குரல் கொடுத்தன. குடித்துவிட்டு அடிப்பவனை வெளியே போகச் சொல்லும் உரிமை உள்ளவளுக்கும் இல்லாதவளுக்கும் ராத்தூக்கம் ஒன்றாக இருக்குமா?

தமிழகத்தில் 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து பிரஷரும் சுகரும் பார்க்கிறார்கள். அவர்களுக்கே மனநலப் பயிற்சியும் கொடுத்தால் போதும், புது ஆள் தேட வேண்டியதில்லை. தூத்துக்குடி மாவட்ட நிர்வாகம் அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் இதைச் செய்ய வேண்டும். அதுவரை, மனசு பாரமாக இருப்பவர்கள் 14416 என்ற இலவச எண்ணைக் கூப்பிடுங்கள், தமிழிலேயே பேசலாம்.