பிவிசி குழாயும் செம்புக் கம்பியும்

அமெரிக்காவில் கார் ஷெட்டையே தச்சுப்பட்டறையாக மாற்றிக்கொண்டவர்கள் ஏராளம். வாள், இழைப்பு இயந்திரம் என எல்லாவற்றிலிருந்தும் மரத்தூளை உறிஞ்சி ஒரு டிரம்மில் சேர்க்க, கழிவுநீருக்கான 4 அங்குல பிவிசி குழாயைச் சுவரோரம் ஓட்டுவது அங்கே சகஜம். தகரக் குழாயைவிட மலிவு. அறுப்பதும் ஒட்டுவதும் சுலபம். கூடவே ஒரு சடங்கும் உண்டு. தூள் உரசி உண்டாகும் நிலைமின்சாரம் பொறியாகி வெடித்துவிடும் என்று பயந்து, குழாய்க்குள் செம்புக் கம்பி இழுத்து எர்த் செய்வார்கள்.

பயம் காரணமில்லாமல் வரவில்லை. குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடி வறண்ட அறையில் அந்தக் குழாயைத் தொட்டால் சுரீரென்று ஷாக் அடிக்கும். (சென்னையின் ஈரக்காற்றில் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும்.) ஆனால் ஷாக் வேறு, வெடிப்பு வேறு.

பிவிசி மின்கடத்தாப் பொருள். அதன் மேல் சேர்ந்த மின்னூட்டம் இருந்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். தள்ளி ஓடும் கம்பியைத் தேடி வராது. கம்பியை ஒட்டியிருப்பது மட்டுமே வடியும். ஆகவே பிவிசி குழாயை 'எர்த் செய்துவிட்டேன்' என்பதே பொருளற்ற பேச்சு. அதே குணம்தான் ஆபத்தையும் குறைக்கிறது: மொத்த மின்னூட்டமும் ஒரே பொறியில் பாய முடியாது. அப்படி வரும் பொறியின் ஆற்றல் சில மில்லிஜூல்தான். மரத்தூள் மேகம் பற்றிக்கொள்ள வழக்கமாகப் பல பத்து மில்லிஜூல் வேண்டும்.

மேகமும் அடர்ந்திருக்க வேண்டும்; கன மீட்டருக்குச் சுமார் 40 கிராம். மணிக்கு 1000 கன மீட்டர் காற்றை இழுக்கும் கருவியின் குழாயில் அந்த அடர்த்தி வர, மணிக்கு 40 கிலோ நுண்தூள் விடாமல் உள்ளே போக வேண்டும். வீட்டுப் பட்டறையில் அவ்வளவு தேய்ப்பவர் யார்? இழைத்தால் வருவதும் பெரும்பாலும் சீவல்தான்.

இதை வைத்து 'ஆபத்தே இல்லை' என்று தாவுகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. மேற்படி கணக்கு குழாய்க்கு மட்டுமே. தூள் வடிகட்டும் பையை உதறும்போதும் டிரம்மில் தூள் கிளம்பும்போதும் அடர்த்தி எளிதில் எல்லை தாண்டும். பிவிசிக்கு நடுவே தனித்து நிற்கும் உலோகம், உதாரணமாக அடைப்புக் கதவோ ஹோஸுக்குள் இருக்கும் சுருள் கம்பியோ, மின்னூட்டத்தைச் சேர்த்து ஒரே பொறியாகக் கொட்டிவிடும். எர்த் தேவைப்படுவது இவற்றுக்குத்தான். உள்ளே இழுத்த கம்பியோ சீவலைச் சிக்கவைத்துக் குழாயை அடைக்கும். சிலர் வெளியே அலுமினியத் தாள் சுற்றுகிறார்கள். அது இன்னும் மோசமாகலாம். மெல்லிய பிளாஸ்டிக்கின் ஒரு பக்கம் உலோகம், மறுபக்கம் மின்னூட்டம் என்றால் அதுவே மின்தேக்கி. அதன் பொறி ஜூல் கணக்கில்கூட வரலாம்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2012இல் பர்ன்ஸ் லேக், பிரின்ஸ் ஜார்ஜ் என இரு ஊர்களில் மரம் அறுக்கும் ஆலைகள் தூள் வெடித்துச் சிதறின. ஒவ்வொன்றிலும் இருவர் இறந்தனர். விசாரணை சுட்டியது நிலைமின்சாரத்தை அல்ல, உராய்ந்து சூடேறிய இயந்திர பாகங்களை. ஆலையெங்கும் படிந்திருந்த உலர்ந்த தூள் மீதியைப் பார்த்துக்கொண்டது. வீட்டிலும் அஞ்ச வேண்டியது, மரத்திலிருந்த ஆணி தூளுறிஞ்சியின் விசிறியில் மோதித் தெறிக்கும் கங்கு டிரம்முக்குள் கிடந்து புகைவதைத்தான்.

நுரையீரலுக்குள் போகும் தூள் தனிக் கதை. மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995லேயே வகைப்படுத்திவிட்டது. கம்பிக்குச் செலவிடும் பணத்தை நல்ல ஃபில்டரில் போடலாம்.

வசதியிருந்தால் தகரக் குழாயே போடுங்கள். பிவிசிதான் என்றால் உலோகத் துண்டுகளை மட்டும் எர்த்தில் இணையுங்கள். வேலை முடிந்ததும் டிரம்மைக் காலி செய்யுங்கள். குழாய்க்குள் கம்பி வேண்டாம்.