கரடிக் காட்டுக்குத் துப்பாக்கியா, சலங்கைத் தடியா?

மலையேற்றம் போகிற இளைஞர்கள் இப்போது அடிக்கடி கேட்பது இதுதான்: கரடி இருக்கிற காட்டில் பாதுகாப்புக்கு எந்தத் துப்பாக்கி நல்லது? அமெரிக்காவின் அலாஸ்கா, மொன்டானா பக்கத்து வீடியோக்களைப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள். அங்கே இடுப்பில் ரிவால்வர் கட்டிக்கொண்டு மீன் பிடிக்கப் போகிறவர்கள் உண்டு. ஜமுனாமரத்தூரிலிருந்து புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு வரை கிடக்கிற நம் ஜவ்வாது மலையில் அதே கேள்வியைக் கேட்டால் விடை முற்றிலும் மாறிவிடும். கரடி வேறு, காடு வேறு, சட்டமும் வேறு. துப்பாக்கி, மிளகாய் ஸ்பிரே, டார்ச், சலங்கை கட்டிய தடி ஆகிய நான்கையும் இந்த மலையை மனதில் வைத்து எடைபோட்டதன் முடிவு இது.

முதலில் எதிராளியைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் கரடி கரையானையும் எறும்பையும் உறிஞ்சித் தின்கிற கரடி. மேல்வரிசை முன்பற்களில் நடுவில் இரண்டு இல்லை. அந்த இடைவெளி வழியாகத்தான் புற்றிலிருந்து கரையானை இழுக்கிறது. உறிஞ்சுகிற சத்தம் நூறு மீட்டருக்கு அப்பாலும் கேட்கும். நாவல், இலந்தை, அத்தி, கொன்றைக்காய், இலுப்பைப்பூ, தேன் எதையும் விடாது. ஆண் கரடி 80 முதல் 145 கிலோ வரை இருக்கும். மூக்கு கூர்மை. கண்ணும் காதும் அவ்வளவு இல்லை. புற்றுக்குள் மூக்கை விட்டுவிட்டால் நாம் கிட்டே போகும்வரை அதற்குத் தெரியாது. தெரிகிற நொடியில் ஓடுவதா, பாய்வதா என்று அது யோசிப்பதில்லை. புலியும் சிறுத்தையும் உள்ள காட்டில் மரமேறித் தப்ப முடியாத விலங்கு, எழுந்து நின்று எதிர்த்தே பிழைத்து வந்திருக்கிறது. குட்டியை முதுகில் சுமக்கிற தாய்க்கரடி என்றால் இன்னும் மோசம். நகம் முகத்துக்கும் தலைக்கும்தான் வரும்.

சத்தீஸ்கரில் வடக்கு பிலாஸ்பூர் வனக்கோட்டத்தில் 1998 ஏப்ரல் முதல் 2000 டிசம்பர் வரை 137 தாக்குதல்களை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். 11 பேர் இறந்தார்கள். தப்பியவர்களில் எத்தனை பேருக்குக் கண்ணும் தாடையும் போயின என்பதை எண்ணிப் பார்த்தால்தான் இந்தக் கரடியின் கொடுமை புரியும். ஆனால் அது நம்மைத் தேடி வந்து தாக்குவதில்லை. திடீரென்று நேருக்கு நேர் மோதிக்கொள்வதுதான் பெரும்பாலான தாக்குதல்களின் காரணம். எந்தக் கருவியானாலும் அந்த மோதலைத் தவிர்க்கிறதா, மோதல் நேர்ந்தபின் உதவுகிறதா என்பதே என் உரைகல்.

துப்பாக்கியில் தொடங்குவோம். ஜவ்வாது மலையில் துப்பாக்கி என்றால் நாட்டுத் துப்பாக்கிதான். போலீஸ் ஆவணங்களில் எஸ்பிஎம்எல் என்று எழுதுவார்கள். ஒற்றைக் குழல், வாய்வழியாக மருந்து இடித்து நிரப்புவது. காவல்துறையும் வனத்துறையும் இதுபோன்ற மலைக்கிராமங்களில் உரிமமில்லாத துப்பாக்கிகளைத் தாமாகவே ஒப்படைக்கும்படி பலமுறை கேட்டிருக்கின்றன. நாட்டுத் துப்பாக்கியை நான் சுட்டுப் பார்க்கவில்லை. சுட்டுப் பார்க்கவும் கூடாது. உரிமம் இல்லாமல் கையில் வைத்திருப்பதே ஆயுதச் சட்டப்படி சிறைக்குரிய குற்றம். ஆனால் அது வேலை செய்கிற விதமே போதுமான விடையைச் சொல்லிவிடுகிறது. ஒரு முறை சுடலாம். மறுபடி சுட மருந்து, அடைப்பு, ரவை என்று வரிசையாகப் போட்டு இடிக்க வேண்டும். பனியிலும் மழையிலும் மருந்து நமுத்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் இந்த மலையில் நமுக்காத பொருள் எது?

உரிமம் பெற்ற 12 போர் இரட்டைக் குழல் இதைவிட நம்பகமானது என்பதில் ஐயமில்லை. ரைபிள் கிளப் ஒன்றின் சுடுதளத்தில், பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க, அதைக் கையாண்டு பார்த்தேன். எடை மூன்று கிலோவுக்கு மேல். தோளில் வாரோடு தொங்கிய துப்பாக்கியைக் கழற்றி, பூட்டு விடுவித்து, குறி வைக்க எவ்வளவு முயன்றாலும் மூன்று நொடிக்குக் குறையவில்லை. அதுவும் சமதரையில், பதற்றமில்லாமல். கரடி மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில்தான் வரும் என்று குறைத்து வைத்தாலும் பத்து மீட்டரை ஒன்றேகால் நொடிக்குள் கடந்துவிடும். ஜவ்வாது மலையின் உண்ணிச்செடிப் புதரிலும் மூங்கில் மறைவிலும் பத்து மீட்டர் தூரத்தில் கரடி கண்ணில் பட்டாலே அதிர்ஷ்டம். துப்பாக்கியை எப்போதும் கையில் ஏந்தி, விரலைத் தயாராக வைத்து நடப்பவருக்கு வேண்டுமானால் அது உதவலாம். அப்படி நடப்பவரோடு ஒற்றையடிப் பாதையில் வரிசையாக நடக்க நான் வரமாட்டேன்.

பழைய வேட்டைக்காரர்களின் அனுபவமும் இதையே சொல்கிறது. மைசூர்ப் பகுதியில் பலரைக் கொன்ற ஒரு கரடியைக் கென்னத் ஆண்டர்சன் சுட்டார். அவர் கையில் இருந்தது .405 வின்செஸ்டர் ரைபிள். கனமான குண்டு, ஒன்றன்பின் ஒன்றாகச் சுடும் வசதி, காட்டிலேயே ஊறிய கை. அப்படியிருந்தும் முதல் முயற்சிகள் தோற்ற பிறகே அது விழுந்தது. கரடியைத் தேடிப் போன வேட்டைக்காரர் நிலையே அது. கடுக்காய் பொறுக்கக் குனிந்திருப்பவருக்குப் பின்னாலிருந்து கரடி வந்தால் எந்தத் துப்பாக்கி என்ன செய்யும்?

அலாஸ்காவிலேயே கணக்கெடுத்துப் பார்த்திருக்கிறார்கள். டாம் ஸ்மித், ஸ்டீபன் ஹெரெரோ முதலிய ஆய்வாளர்கள் 1883 முதல் 2009 வரையிலான 269 சம்பவங்களை அலசி 2012இல் கட்டுரை வெளியிட்டார்கள். கைத்துப்பாக்கி 84 விழுக்காடு, நீளத் துப்பாக்கி 76 விழுக்காடு சம்பவங்களில் கரடியை நிறுத்தியது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் துப்பாக்கியைப் பயன்படுத்தியவர்களுக்கும், கையில் இருந்தும் பயன்படுத்தாதவர்களுக்கும் காயம் பட்டதில் வேறுபாடு இல்லை என்பதுதான் அந்த ஆய்வின் முக்கியமான முடிவு. எடுக்க நேரமில்லை, குறி தவறியது, துப்பாக்கி அடைத்துக்கொண்டது என்று அது உதவாமல் போனதற்கான காரணங்கள் போகின்றன.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். கரடி 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டு சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். உயிரைக் காத்துக்கொள்ள நல்லெண்ணத்தோடு கொன்றால் அது குற்றமில்லை என்று 11ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அந்த நேரத்தில் அதே சட்டத்தை மீறும் செயலில் ஈடுபட்டிருந்தவருக்கு இந்த விலக்கு கிடையாது. முயல் வேட்டைக்கு என்று துப்பாக்கியோடு காட்டுக்குள் போனவர், வழியில் கரடி பாய்ந்தது என்று சொல்லித் தப்ப முடியாது.

இவை எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது வேறொன்று. சரியாகப் படாத குண்டோடு தப்புகிற கரடி உடனே செத்துப்போவதில்லை. வலியோடு புதரில் கிடக்கும். சுட்டவர் வீடு திரும்பிவிடுவார். மறுநாள் அந்தப் பாதையில் நெல்லிக்காய்க் கூடையோடு போகிற பெண்தான் அதை எதிர்கொள்ள வேண்டும். ஒருவர் பாதுகாப்புக்கு என்று எடுத்துப் போன துப்பாக்கி அடுத்தவர் உயிருக்கு உலை வைக்கிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே துப்பாக்கியை நான் பட்டியலிலிருந்து நீக்குகிறேன்.

அடுத்து ஸ்பிரே. வட அமெரிக்காவில் கரடிக்கென்றே செய்த ஸ்பிரே கிடைக்கிறது. மிளகாயின் காரச்சத்து, குறைந்தது 225 கிராம் டப்பா, எட்டு ஒன்பது மீட்டர் வரை மேகமாகப் பரவும். அலாஸ்காவில் 1985 முதல் 2006 வரை நடந்தவற்றை ஆய்ந்து அதே ஸ்மித் குழு 2008இல் சொன்னது: பழுப்புக் கரடிகளில் 92 விழுக்காடு பின்வாங்கின, ஸ்பிரே வைத்திருந்தவர்களில் 98 விழுக்காட்டினருக்குக் காயமே இல்லை. குறி பார்க்க வேண்டியதில்லை, விலங்கும் சாகாது. ஆனால் இங்கே பெண்கள் கைப்பையில் வைத்துக்கொள்ளும் சிறிய பெப்பர் ஸ்பிரேதான் எளிதில் கிடைக்கிறது. அப்படி ஒன்றைத் திறந்தவெளியில் அடித்துப் பார்த்தேன். மெல்லிய கோடாக மூன்று மீட்டர் போனது. எதிர்க்காற்றில் பாதி என் முகத்துக்கே திரும்பியது. கண்ணைக் கழுவ வெகுநேரம் ஆயிற்று. மனிதர் ஒருவரின் முகத்தைக் குறிவைத்துச் செய்த பொருள் அது. கரடிக்கு அதை நம்ப வேண்டாம். கரடி ஸ்பிரே முறையாக நம் நாட்டில் விற்பனைக்கு வந்தால் வனக்காவலர்களுக்கு முதலில் கொடுக்க வேண்டும் என்பேன்.

டார்ச் வாங்கும்போது லூமென் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். ஆயிரம் லூமென் என்று அச்சிட்ட சின்ன டார்ச்சுகள் பலவும் சில நிமிடங்களில் சூடேறித் தாமாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்கின்றன. தூரம் போகும் கூரான ஒளி சிறுத்தையை மலைச்சரிவில் தேட உதவும், கரடிக்குப் பயனில்லை. பாதையின் இருபக்கப் புதரையும் ஒருசேரக் காட்டும் அகல ஒளிதான் தேவை. தலையில் மாட்டும் விளக்கு இன்னும் நல்லது. கை காலியாக இருக்கும், பார்க்கிற பக்கம் வெளிச்சம் திரும்பும். மார்கழிப் பனியில் வெள்ளை வெளிச்சம் மூட்டத்தில் பட்டுத் திரும்பிக் கண்ணைக் கூசவைக்கிறது. மஞ்சள் சாயலுள்ள விளக்கு அங்கே தெளிவாகக் காட்டியது. மாற்றிப் போடக்கூடிய 18650 பேட்டரி உள்ளதை வாங்குங்கள். உள்ளேயே பதித்த பேட்டரி இரண்டு மழைக்காலத்துக்குப் பின் மதிப்பிழந்துவிடும். இன்னொன்று: வெளிச்சம் கரடியை விரட்டாது. கரடி எங்கே இருக்கிறது என்று நமக்குக் காட்டும், அவ்வளவே.

இப்போது தடி. குஜராத்தில் கரடி வாழும் பகுதி மக்களுக்கு மணி கட்டிய தடியைக் கொடுத்துப் பழக்கியிருக்கிறார்கள். நமக்கு இது புதிதல்ல. திருவிதாங்கூர் அஞ்சலோட்டக்காரர்கள் கையிலும் சலங்கைத் தடி இருந்தது. காட்டுவழியில் தபால் சுமந்து ஓடினார்கள். நான் சொல்கிற தடி இது: தோள் உயரக் கல்மூங்கில், அடியில் இரும்புப் பூண், மேலே மாட்டுக்குக் கட்டும் பித்தளைச் சலங்கை ஒரு கொத்து. சலங்கை சந்தையில் கிடைக்கும், பூணைக் கொல்லர் அடித்துத் தருவார். மொத்தச் செலவு சில நூறு ரூபாய்.

நடந்து பார்த்ததில் தெரிந்தவை இவை. சின்னச் சலங்கையின் மெல்லிய கிணுகிணுப்பு புதருக்குள் போவதில்லை. பெரிய பரல் போட்ட மாட்டுச் சலங்கையே வேண்டும். தடியை ஊன்றும்போது பூண் கல்லில் மோதும் சத்தம் சலங்கையைவிட நன்றாகப் போகிறது. ஓடை இரையும் இடத்தில், குறிப்பாகப் பீமன் அருவி போன்ற இடங்களை நெருங்கும்போது, இரண்டும் எடுபடாது. அங்கே வாய்விட்டுக் கூப்பிட வேண்டும். காற்று எதிரிலிருந்து அடித்தால் நம் வாடை கரடிக்குப் போகாது. அப்போதும் குரல்தான் துணை. வட அமெரிக்காவின் பூங்கா அதிகாரிகள் மணியைவிட மனிதக் குரலையே பரிந்துரைக்கிறார்கள். அதை நானும் ஒப்புக்கொள்கிறேன்: சலங்கை, பேச்சுக்குத் துணை; பேச்சுக்கு மாற்று ஆகாது. தடியில் ஒரு குறையும் உண்டு. ஓயாத சலங்கைச் சத்தத்தில் கரடி உறிஞ்சும் ஒலி நமக்குக் கேட்காமல் போகிறது. ஆகவே வளைவுகளிலும் புற்றுகள் நிறைந்த இடங்களிலும் சலங்கையைக் கையால் பொத்தி நின்று கேட்டுவிட்டு, பிறகு குரல் கொடுத்து நகர வேண்டும்.

என்னோடு வந்த மலைக்காரர் நடந்த வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தார். புற்று தோண்டிய ஈரமண்ணைக் காட்டி, "இது ராத்திரி தோண்டினது சார், இந்தப் பக்கம் வேணாம்" என்று பாதையை மாற்றினார். காசு கொடுத்து வாங்க முடியாத கருவி அந்தக் கண்.

கரடியை விரட்ட என்று பட்டாசு வேண்டாம். மாசி முதல் வைகாசி வரை இந்தக் காடு காய்ந்து கிடக்கிறது. ஒரு பொறி போதும். பழத்துக்குள் வைக்கும் நாட்டு வெடியைப் பற்றிப் பேசவே தேவையில்லை, அது கொடுமை, குற்றமும்கூட.

எல்லாம் தவறிக் கரடி எதிரே நின்றால்: ஓடாதீர்கள், அது உங்களைவிட வேகமாக ஓடும். அது உங்களைக் கவனிக்கவில்லை என்றால் முகத்தை அதன்பக்கம் வைத்தே மெல்லப் பின்வாங்குங்கள். பாய்ந்துவிட்டால் குப்புற விழுந்து, முகத்தை மண்ணில் புதைத்து, விரல்களைக் கோத்துப் பிடரியை மூடி, அசையாமல் கிடங்கள். முதுகில் பை இருந்தால் கழற்ற வேண்டாம், அது கவசம். கரடி போய்விட்டது என்று உறுதியாகும்வரை எழக்கூடாது.

என் தீர்ப்பு: அகல ஒளித் தலைவிளக்கு ஒன்று, சலங்கைத் தடி ஒன்று, உடன் பேசிக்கொண்டு வர உள்ளூர் ஆள் ஒருவர். துப்பாக்கியை விட்டுவிடுங்கள். வனத்துறைக்கும் ஊராட்சிகளுக்கும் ஒரு வேண்டுகோள்: புளி, கடுக்காய், நெல்லி, தேன் எடுக்க விடியலில் காட்டுக்குள் போகிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு தடியும் ஒரு விளக்கும் கொடுங்கள். மலைக்கிராமத்தாருக்கும் ஒன்று: உரிமமில்லாத துப்பாக்கி இன்னும் வீட்டில் இருந்தால், அறிவிப்பு வரும்வரை காத்திராமல் ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் அதை ஒப்படைத்துவிடுங்கள்.