உருளாத கோளத்துக்கு ஒரு செய்முறை

ஆறாம் படிவ மாணவர் யாராவது எஸ்டிபிஎம் இயற்பியலில் வரும் சுழற்சி இயக்கத்துக்குத் தமிழ்ச் சொல் கேட்டால், நம்மில் பலர் தமிழ்நாட்டுப் பதினோராம் வகுப்பு இயற்பியல் நூலைத்தான் திறக்கிறோம். 2018இல் வந்த புதிய பாடத்திட்ட நூல் அது. இணையத்தில் இலவசம். கலைச்சொல்லுக்குத் தாராளமாக நம்பலாம். ஆனால் அந்தப் பாடத்திட்டத்தின் முதல் செய்முறையை அப்படியே மாணவர் கையில் கொடுத்துவிடாதீங்க.

செய்முறை இதுதான். பொருண்மை தெரிந்த ஒரு திண்மக் கோளத்தின் நிலைமத் திருப்புத்திறனைக் காண வேண்டும். (நாம் பொருண்மை என்பதை அவர்கள் நிறை என்பார்கள். மாணவர் இங்கேயே குழம்புவார், முதலில் சொல்லிவிடுங்க.) வெர்னியர் அளவியால் விட்டத்தை அளந்து பாதியாக்கினால் ஆரம். ஆரத்தின் வர்க்கத்தைப் பொருண்மையாலும், பிறகு 2/5ஆலும் பெருக்கினால் விடை வந்துவிடும்.

இதில் அளந்தது என்ன? விட்டம் மட்டும். மீதியெல்லாம் வாய்பாடு. 'காணல்' என்கிற ஒரே வினைக்குள் அளப்பதும் கணக்கிடுவதும் ஒளிந்துகொள்கின்றன. நிலைமம் என்றால் இருக்கும் நிலையை விட்டு மாற மறுப்பது. திருப்புத்திறன் திருப்புதலிலிருந்து வந்தது. இலங்கை நூல்கள் சொல்லும் 'சடத்துவத் திருப்பம்' என்பதிலும் அதே திருப்புதல் இருக்கிறது. செய்முறையிலோ கோளம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை!

அதே பொருண்மை, அதே விட்டம் உள்ள, மெல்லிய ஓடு மட்டுமேயான உள்ளீடற்ற பந்து ஒன்றைக் கொடுத்துப் பாருங்க. வெர்னியர் அதே எண்ணைத்தான் காட்டும். மாணவரும் அதே விடையை எழுதுவார். ஆனால் அந்தப் பந்துக்கு 2/5 பொருந்தாது, 2/3தான். இந்த வேறுபாட்டைச் சொல்ல வேண்டிய அளவைத்தான் செய்முறை விட்டுவிட்டது.

உருட்டினால் தெரிந்துவிடும். 2 மீட்டர் பலகையின் ஒரு முனையை 5 சென்டிமீட்டர் உயர்த்துங்க. ஓய்விலிருந்து வழுக்காமல் உருளும் திண்மக் கோளம் ஏறக்குறைய 4.78 விநாடியில் இறங்கும். உள்ளீடற்றது 5.22 விநாடி எடுக்கும். 9.8, உயரம், நேரத்தின் வர்க்கம் மூன்றையும் பெருக்கி, பலகை நீளத்தின் வர்க்கத்தைப் போல் இருமடங்கால் வகுத்து, 1ஐக் கழித்தால் முதல் கோளத்துக்கு 0.40 வரும். அதுதான் 2/5. வாய்பாட்டிலிருந்து எடுத்ததில்லை, பலகையிலிருந்து வந்தது. இதற்கு ஆரமும் வேண்டாம், பொருண்மையும் வேண்டாம்.

வெர்னியருக்கும் ஒரு நியாயம் உண்டு. 1 மீட்டர் பலகை, 10 சென்டிமீட்டர் உயரம் என்று வைத்தால் நேரம் 1.69 விநாடிதான். விரல் 0.1 விநாடி தவறினால் 0.40 என்பது 0.24 ஆகலாம், 0.57உம் ஆகலாம். கடைசியில் 1ஐக் கழிப்பதால் சின்னப் பிழை பெரிதாகிவிடுகிறது. தேர்வறையில் நாற்பது பேருக்கும் ஒழுங்கான விடை வேண்டுமென்றால் வெர்னியர்தான் வசதி. ஆனால் பலகையை நீளமாக்கிச் சாய்வைக் குறைத்தால் அதே 0.1 விநாடிப் பிழைக்கு விடை 0.34க்கும் 0.46க்கும் இடையில் நின்றுவிடும். வசதிக்காக உருட்டுவதையே விட்டது எனக்கு ஒப்பவில்லை. நம் படிவம் 4 இயற்பியலில் இனெர்ஷியா தராசு இருக்கிறதே, அதில் பொருள் உண்மையாகவே அசைகிறது, அசைவின் நேரத்தைத்தான் மாணவர் எடுக்கிறார்.

எனவே தமிழில் அறிக்கை எழுதச் சொல்லும்போது 'அளந்தேன்', 'கணக்கிட்டேன்' இரண்டையும் தனித்தனி வாக்கியமாகக் கேளுங்க. வெர்னியர் செய்முறையில் முதல் சொல்லுக்கு எதிரே விட்டம் மட்டுமே நிற்கும். பிறகு இரண்டு பக்கமும் வெட்டிய மைலோ டின் ஒன்றையும், ஒரு டார்ச்லைட் பேட்டரியையும் அதே பலகையில் விடச் சொல்லுங்க. எது பிந்தி வரும் என்று முன்கூட்டியே எழுதி வைக்கட்டும்.