கொஞ்சுவது மதிப்பதாகுமா?

குழந்தையைக் கொஞ்சுவதில் தமிழுக்கு ஈடான மொழி எது என்று மேடைதோறும் கேட்கிறோம், கையொலியும் பெறுகிறோம். கேள்வியில் குற்றமில்லை. வள்ளுவர் மக்கட்பேற்றுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். பாண்டியன் அறிவுடைநம்பி, சோற்றைக் கையால் அளைந்து மேலெல்லாம் பூசிக்கொள்ளும் குழந்தை இல்லாத வீட்டிலே எவ்வளவு செல்வம் குவிந்திருந்தும் பயனில்லை என்று பாடினான். புறநானூறு அதைக் காத்துத் தந்தது. இவ்வளவும் உண்மை. ஆனால் சோற்றை அளைந்த அந்தக் குழந்தை என்ன நினைத்தது, என்ன சொன்னது? அதைக் கேட்டு எழுதிய புலவர் எத்தனை பேர்? இந்தக் கேள்விக்குக் கையொலி எழக் காணோம்.

பிள்ளைத்தமிழை எடுத்துக்கொள்வோம். ஒட்டக்கூத்தரின் குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ் முதல் குமரகுருபரரின் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் வரை, குழந்தைக்கென்றே பிறந்து வளர்ந்த இலக்கிய வகை அது. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி என்று பருவங்கள் பத்து. தலையை அசைத்தாடு என்பர். கை கொட்டு என்பர். முத்தம் தா என்பர். நடந்து வா என்பர். ஏவலெல்லாம் குழந்தைக்கு, சொல்லெல்லாம் பெரியவர்க்கு. அம்புலிப் பருவத்திலே ஒரு வேடிக்கையும் உண்டு. குழந்தையோடு விளையாட வருமாறு வானத்து நிலவை அழைக்கும் புலவர், சாமம், பேதம், தானம், தண்டம் என்னும் நால்வகையாலும் அதற்கு எடுத்துரைக்கிறார். இதமாகச் சொல்கிறார், வேற்றுமை காட்டுகிறார், கிடைக்கும் பயனைக் கூறுகிறார், வராவிட்டால் நேரும் கேட்டையும் சொல்கிறார். காது இல்லாத நிலவுக்கு இத்தனை காரணம்! மடியிலிருக்கும் குழந்தையிடம் 'உனக்கு நிலவோடு விளையாட விருப்பமா?' என்று கேட்கத் தோன்றவில்லை. பேச்சு வராத பருவம் அது என்று சிலர் விடையிறுப்பர். சிறுபறை கொட்டி, சிற்றில் சிதைத்து, சிறுதேர் உருட்டும் ஆண்பிள்ளைக்குமா பேச்சு வரவில்லை? அம்மானை ஆடி ஊசலில் அமரும் பெண்பிள்ளைக்குமா? கைக்கும் காலுக்கும் பருவம் வகுத்தார்கள். நாவுக்கு ஒரு பருவம் வகுக்க மறந்தார்கள்.

புராணத்திலே குழந்தை பேசுகிறதே என்பார் உளர். பேசுகிறது. சுவாமிமலையில் மகன் தந்தைக்கு உபதேசம் செய்கிறான். சீர்காழிக் குளக்கரையில் மூன்று வயதுப் பிள்ளை பதிகம் பாடுகிறது. பிரகலாதன் தகப்பனை எதிர்த்து வாதிடுகிறான். ஆனால் கூர்ந்து நோக்குங்கள்: பேசுவது குழந்தையன்று, தெய்வம். ஒருவன் தானே தெய்வம். மற்றொருவனுக்குத் தெய்வம் ஊட்டிய பால். மூன்றாமவனுக்குத் தெய்வத்தின் துணை. ஆகவேதான் சுவாமிமலைக்குச் சென்று, தகப்பனுக்குப் பாடம் சொன்ன பிள்ளையை வணங்கிவிட்டு வரும் பெரியவர், வீட்டுத் திண்ணையில் ஏறியவுடன் தம் பிள்ளையைப் பார்த்துப் 'பெரியவங்க பேசுற இடத்தில் உனக்கென்னடா பேச்சு?' என்கிறார். அவருக்கு முரண்பாடே தென்படுவதில்லை. அந்தப் பிள்ளை வேறு, இந்தப் பிள்ளை வேறு!

அவர்களை விடுங்கள், நம் மேடைக்கு வருவோம். உறவினனையும் கணவனையும் அடுத்தடுத்த நாட்களில் போருக்குக் கொடுத்த பின்னும், எஞ்சிய ஒரே மகனுக்கு எண்ணெய் தடவித் தலை வாரி, வேலைக் கையில் தந்து களத்துக்கு அனுப்பிய மறக்குடித் தாயை ஒக்கூர் மாசாத்தியார் பாடினார். அந்தத் தாயைப் பற்றிப் பேசாத இலக்கியப் பேச்சாளர் நம்மிடையே மிகக் குறைவு. வீரத்தாய் என்கிறோம், தமிழ்க்குடியின் பெருமை என்கிறோம். அந்தச் சிறுவனை எவரேனும் கேட்டனரா? பொன்முடியார் பாட்டிலும் அதே கதைதான்: தாய்க்கு ஒரு கடன், தந்தைக்கு ஒரு கடன், கொல்லனுக்கும் வேந்தனுக்கும் ஒவ்வொரு கடன், எல்லாம் முடிந்த பின் யானையை வெட்டிவிட்டு மீண்டு வருவது பிள்ளையின் கடன். கடனைப் பங்கிட்ட அவையிலே பிள்ளைக்கு இருக்கையில்லை. பாடலின் அழகை நாம் மறுக்கவில்லை. அழகைப் புகழும்போது இதையும் சேர்த்துச் சொல்லும் துணிவு திறனாய்வாளனுக்கு வேண்டும் என்பதே நம் வாதம். வைதிகத்தின் கதையைக் கூர்ந்து பார்க்கும் கண், சங்கப் பாட்டைக் கண்டவுடன் மூடிக்கொள்ளலாமா?

பழைய ஏட்டைப் புரட்டியது போதும். சென்னை அடையாற்றிலே நடந்ததைக் காண்போம்.

1909 ஆம் ஆண்டு. பிரம்மஞான சபையைச் சேர்ந்த நாராயணய்யா என்பவர் அடையாற்றில் குடியிருந்தார். அவருடைய மகன் கிருஷ்ணமூர்த்தி, 1895 இல் மதனப்பள்ளியில் பிறந்தவன். பள்ளியிலே மந்தமானவன் என்று பெயர் எடுத்துப் பிரம்படியும் வாங்கிக்கொண்டிருந்த சிறுவன். கடற்கரையில் அவனைக் கண்ட லெட்பீட்டர், உலக ஆசானுக்குரிய உடல் இதுவே என்று அறிவித்தார். அன்னி பெசண்ட் அம்மையார் ஏற்றார். நேற்றுவரை பெஞ்சின்மேல் நின்றவன் இன்று பீடத்தின்மேல்! 1910 இல் அல்சியோன் என்ற புனைபெயரில் அவன் எழுதியதாக ஓர் ஆங்கில நூல் வெளிவந்தது. அதை எழுதியது சிறுவன்தானா என்ற ஐயம் அந்நாளிலேயே எழுந்தது. 1911 இல் அவனைத் தலைவனாக வைத்துக் கீழைத் தாரகைச் சங்கம் அமைக்கப்பட்டது.

பிரம்பால் அடித்த ஆசிரியரும் சிறுவனைக் கேட்கவில்லை. காலில் விழுந்தவர்களும் கேட்கவில்லை. வணக்கம் மதிப்பைவிட உயர்ந்தது என்று எண்ணுவோர் இந்த இடத்தில் சற்றே நின்று பார்க்க வேண்டும். அடி வாங்கும் பிள்ளையாவது அழலாம். பீடத்திலே ஏற்றப்பட்ட பிள்ளைக்கு அதுவும் இல்லை.

1910 இல் அம்மையாரைக் காப்பாளராக ஏற்று எழுதிக்கொடுத்த தந்தை, பின்னர் மனம் மாறிக் கிருஷ்ணமூர்த்தியையும் அவன் தம்பி நித்யானந்தனையும் திரும்பப் பெற 1912 இல் வழக்குத் தொடுத்தார். சென்னை உயர் நீதிமன்றம் 1913 இல் தந்தையின் பக்கம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டிலும் அவரே வென்றார். நாடே பேசிய வழக்கு அது. தந்தையின் உரிமை ஒருபுறம், அம்மையாரின் உரிமை மறுபுறம். உடைமைக்கு இருவர் போராடும் காணி வழக்கைப் போலவே நடந்தது. லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போன பின்னரே, 1914 இல், தீர்ப்பு புரண்டது. அதிகார வரம்பு பற்றிய சட்டக் காரணங்கள் பல உண்டு. சிறுவர் இருவரின் நலனும் விருப்பமும் சரிவர ஆராயப்படவில்லை என்பதும் அங்கே எடுத்துக்காட்டப்பட்டது. காப்பாளர் பற்றிய 1890 ஆம் ஆண்டுச் சட்டமோ, அறிந்து தெரிவு செய்யும் அளவுக்கு வளர்ந்த சிறுவரின் விருப்பத்தை நீதிமன்றம் கருதலாம் என்று அதன் 17 ஆம் பிரிவில் முன்னரே கூறியிருந்தது. ஏட்டிலே இருந்தது, கேட்கத்தான் ஆளில்லை.

அந்தச் சிறுவன் முப்பத்துநான்கு வயதில், 1929 ஆகஸ்ட் 3 அன்று, ஹாலந்து நாட்டு ஓமென் என்ற ஊரில், தன்னைத் தலைவனாக்கிய சங்கத்தைத் தானே கலைத்தான். இருபது ஆண்டு கழித்து வந்த பதில் அது. அவருடைய பிற்காலத் தத்துவத்தோடு நமக்கு உடன்பாடு உண்டா இல்லையா என்பது வேறு செய்தி.

1989 நவம்பர் 20 அன்று ஐக்கிய நாடுகள் பேரவை ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கை, தன்னைத் தொடும் எல்லாப் பொருளிலும் கருத்துரைக்கும் உரிமை குழந்தைக்கு உண்டென்றும், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அக்கருத்துக்கு எடை தரவேண்டும் என்றும் 12 ஆம் பிரிவில் கூறுகிறது. இந்தியா 1992 இல் அதில் இணைந்தது. 'எடை' என்ற சொல்லைக் கவனியுங்கள். குழந்தை சொன்னதெல்லாம் நடக்கவேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. தடுப்பூசி வேண்டாம் என்று குழந்தை அழுதால் ஊசியை நிறுத்துவது அறிவாகாது. ஆனால் 'வலிக்கவே வலிக்காது' என்று பொய் சொல்லிப் போடுவது மதிப்பாகாது. வலிக்கும், இவ்வளவு நேரம் வலிக்கும், இதற்காகப் போடுகிறோம் என்று சொல்லிப் போடலாம். முடிவு பெரியவருடையதாக இருந்தாலும் காரணம் குழந்தைக்கு உரியது. முடிவின் சுமை யார் வாழ்வின்மேல் விழுகிறதோ, அவர் சொல்லுக்கு அவ்வளவுக்கவ்வளவு எடை கூடவேண்டும். படிப்பும் திருமணமும் குழந்தையின் வாழ்வு. அங்கே பெரியவரின் குரல் தாழ்வதே முறை.

ஓடைப்பட்டியிலே திராட்சைப் பந்தல்களுக்கு இடையே பிள்ளைகள் பள்ளிக்கு நடந்து வருகிறார்கள். விதையில்லாத் திராட்சைக்குப் பெயர் பெற்ற ஊர். எந்தப் பந்தலில் நேற்று மருந்து அடித்தார்கள், எந்தப் பாதையில் இன்று போனால் கண் எரியும் என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்களைக் கேட்டுப் பாதையை மாற்றிய பெரியவரை நாம் இன்னும் காணவில்லை. நாம் பணியாற்றும் பள்ளியில் 'நம் பள்ளிக்கு என்ன தேவை?' என்று ஒருமுறை எட்டாம் வகுப்பினரை எழுதச் சொன்னோம். பெரியவர்கள் கூடிப் பேசித் தீட்டியிருந்த பட்டியலில் சுற்றுச்சுவர் இருந்தது, ஆண்டுவிழா மேடை இருந்தது, நுழைவாயில் வளைவுகூட இருந்தது. மாணவியரில் பாதிப் பேர் எழுதியது ஒன்றே: கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. தாழ்ப்பாள் இல்லாத காரணத்தால் காலைமுதல் மாலைவரை தண்ணீர் குடிக்காமல் இருப்பதாக ஒருத்தி எழுதியிருந்தாள். வளைவுக்கு நன்கொடை திரட்டிய எவருக்கும் அது தெரியாது, ஏனெனில் அந்தக் கதவுக்குப் பின்னே அவர்கள் போனதில்லை. குழந்தையின் கருத்தைக் கேட்பது குழந்தைக்குச் செய்யும் சலுகை என்று நினைக்கிறோம். இங்கே அறியாமையில் இருந்தவர் யார்?

திருமணத்தில் இதன் கொடுமை இன்னும் பெரிது. பத்தாம் வகுப்பைத் தாண்டாத பெண்ணுக்குத் தாய்மாமன் உறவில் நாள் குறிக்கும் வழக்கம் தேனி வட்டாரத்திலிருந்து முற்றும் நீங்கிவிடவில்லை. 2006 ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம், அவ்வாறு மணம் செய்விக்கப்பட்டவரே தாம் விரும்பினால் அம்மணத்தைச் செல்லாததாக்கக் கேட்கலாம் என்கிறது. 1098 என்ற எண்ணுக்குத் தாமே பேசித் தம் திருமணத்தை நிறுத்திய மாணவியரின் செய்தியை ஏடுகளில் படிக்கிறோம், பாராட்டுகிறோம். வீட்டில் ஒருவர்கூடக் காது கொடுக்காத காரணத்தாலேயே அந்தப் பெண் முன்பின் அறியாத குரலிடம் பேச நேர்ந்தது என்பதையும் அந்தப் பாராட்டோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

நம் தோழர்களின் இல்லங்களுக்கும் ஒரு சொல். சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்கு ஊரே திரள்கிறது. பகுத்தறிவாளர் வீட்டுப் பையன் 'நானும் போய்ப் பார்க்கிறேன்' என்றால், எத்தனை தந்தையர் 'போய்ப் பார், வந்து சொல், பேசுவோம்' என்கிறார்கள்? 'நம் வீட்டுப் பிள்ளையா நீ!' என்று அதட்டுவோரே மிகுதி. தீச்சட்டி ஏந்துவோரைக் கண்டு அவனுக்கு எழும் கேள்வி, நாம் மனப்பாடம் செய்வித்த நூறு விடைகளைவிட உயிருள்ளது. பக்தியை வாயில் திணிப்பது தவறென்றால், பகுத்தறிவையும் திணிக்க முடியாது. திணித்த கணத்திலேயே அது வேறொன்றாகிவிடுகிறது. தம்மைவிடத் தம் மக்கள் அறிவுடையோராதல் உலகுக்கெல்லாம் இனிது என்னும் கருத்தை வள்ளுவர் மக்கட்பேற்றிலேயே வைத்தார். மழலை பற்றிய குறளைச் சொல்லிக் களிக்கும் நாம், இந்தக் குறளை ஏன் அவ்வளவு சொல்வதில்லை? மழலை நம்மை மகிழ்விக்கும். அறிவு நம்மை மறுக்கும்.

தமிழ்ப் புனைவில் இந்த இடத்தைத் துணிந்து தொட்ட படைப்பு இரா. நடராசனின் 'ஆயிஷா'. கேள்வி கேட்கும் ஒரு பள்ளிச் சிறுமி. கேள்விக்கு விடையாகப் பிரம்பு. அடி உறைக்காதிருக்க உடலை மரத்துப்போகச் செய்யும் மருந்தைத் தேடி, அதனாலேயே அவள் உயிர் போகிறது. அறிவியல் நூலொன்றுக்கு அதன் ஆசிரியை எழுதும் முன்னுரையாகவே கதை முழுவதும் அமைந்திருக்கிறது. ஆசிரியர் தொழிலில் இருப்போர் படிக்கத் தவறக்கூடாத நூல் அது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஒரு குறையும் சொல்லவேண்டும். ஆயிஷாவின் குரல் நமக்கு ஆசிரியையின் கண்ணீர் வழியாகவே கேட்கிறது. பிள்ளைத்தமிழின் குழந்தை பேசாமல் இருந்தது. இங்கே பேசிய குழந்தை இறந்த பின்னரே எழுதப்படுகிறது. உயிரோடிருந்து, மறுத்துப் பேசி, வளர்ந்து, நம்மைத் தோற்கடிக்கும் ஓர் ஆயிஷா தமிழ்க் கதையில் இன்னும் போதிய அளவு பிறக்கவில்லை.

இந்த நூலை நம் வகுப்பிலே படித்துக் காட்டியபோது, அந்த ஆசிரியை நல்லவள் என்று பலர் கூறினர். ஒரு மாணவன் மட்டும் எழுந்து, "அந்த டீச்சருக்குத் தெரியும்லங்கய்யா, மத்த டீச்சருங்க அடிக்கிறாங்கன்னு? அப்பவே ஏன் கேக்கல?" என்றான். தனி ஒருத்தியாக அவள் என்ன செய்ய இயலும், அந்தப் பள்ளியின் நிலை அப்படி என்று நாம் காரணம் சொன்னோம். அவன் ஒப்பவில்லை. மறுநாளும் ஒப்பவில்லை, பக்கம் குறித்து வைத்துக்கொண்டு வந்து நின்றான்.