ஜிப்ஸியின் முன்பக்கம்: உயரத்தை விட அசைவு முக்கியம்

மாருதி ஜிப்ஸி வாங்கியதும் பலருக்கு முதலில் வரும் ஆசை, முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கிவிட வேண்டும் என்பது. பட்டறையில் கேட்டால் நீள ஷேக்கிலை, அதாவது பட்டையின் முனையைச் சேஸிஸோடு சேர்க்கும் அசையும் இணைப்பை, எடுத்துக் காட்டிவிடுவார்கள். செலவு குறைவு, அரை நாள் வேலை, வண்டியும் கம்பீரமாக நிற்கும். ஆனால் இந்த வண்டிக்கு உயரத்தில் குறையே கிடையாது. 210 மி.மீ. தரை இடைவெளி, ஏறத்தாழ ஆயிரம் கிலோ எடை, லோ ரேஞ்ச் கியர். இவை போதும், மலைத்தோட்டப் பாதை எதிலும் ஏறிவிடலாம். குறை இருப்பது முன் பட்டையில் (லீஃப் ஸ்பிரிங்). அது அசைவதில்லை.

1985இல் வந்த முதல் வண்டியிலும், 2000இலிருந்து வந்த எம்பிஎஃப்ஐ வண்டியிலும் முன்னும் பின்னும் பட்டைதான். ஒரு செட்டில் பல தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். பட்டை வளைய வேண்டுமென்றால் அந்தத் தகடுகள் ஒன்றோடொன்று உரசி நகர வேண்டும். இடையில் துருவும் மண்ணும் ஏறிவிட்டால் பெரிய பள்ளத்துக்கு மட்டும்தான் வளையும். சின்னக் கல்லுக்கெல்லாம் பட்டை அப்படியே நிற்க, சக்கரம் குதிக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. ஜிப்ஸியின் முன் பட்டையில் ஷேக்கில் முன்முனையில் இருக்கிறது. பின்முனை சேஸிஸோடு நிலையாகப் பூட்டியிருக்கிறது. சக்கரம் கல்மேல் ஏறும்போது வளைந்த பட்டை நிமிர்ந்து நீளும். பின்னால் இடமில்லை, அதனால் முன்னால் நீளும். கல்லுக்கு விலகிக் கொடுக்க வேண்டிய ஆக்ஸில் கல்லை நோக்கியே தள்ளப்படுகிறது. ஸ்டீயரிங்கில் மணிக்கட்டு வரை ஏறும் அந்தக் குத்து பெரும்பாலும் இதனால் வருவதுதான்.

நான் மாற்றியது பரபோலிக் பட்டை செட், அதற்குப் பொருத்தமான கேஸ் ஷாக் அப்சார்பர், கிரீஸ் நிப்பிள் வைத்த ஷேக்கில், புது புஷ், புது யு போல்ட். பரபோலிக் பட்டையில் தகடுகள் குறைவு. ஒவ்வொரு தகடும் நடுவில் தடித்து முனையை நோக்கி மெலிந்துகொண்டே போகும். நடுவிலும் முனையிலும் மட்டும்தான் தகடுகள் தொட்டுக்கொள்ளும். மற்ற இடத்தில் விரல் நுழையும் அளவுக்கு வெளிச்சம் தெரியும். உரசல் இல்லாததால் சின்ன அதிர்வுக்கே வளைந்து கொடுக்கிறது. பழைய செட்டில் அந்த உரசலே ஓரளவு ஷாக்கின் வேலையைச் செய்துகொண்டிருந்தது. அது போன பிறகு துள்ளலை அடக்கும் பொறுப்பு முழுவதும் ஷாக்கின் தலையில் விழுகிறது. எனவே பரபோலிக் பட்டையைப் போட்டுவிட்டுப் பழைய ஷாக்கையே வைத்துக்கொள்வது காசைக் கரியாக்குவது.

வேலை தொடங்கும் முன் மெக்கானிக் ஷேக்கிலுக்கும் பட்டைக்கும் நடுவே கடப்பாரையைக் கொடுத்து நெம்பிக் காட்டினார். வட்டமாக இருக்க வேண்டிய ரப்பர் புஷ் முட்டை வடிவத்தில் தேய்ந்திருந்தது. "மொதல்ல இதப் பாருங்கண்ணே. பட்டை மாத்தாமப் புஷ்ஷ மட்டும் மாத்துனாலே பாதி சத்தம் போயிரும்" என்றார். சரியான பேச்சு. கையில் காசு குறைவாக இருப்பவர்கள் அங்கிருந்தே தொடங்கலாம்.

பொருத்தும்போது மூன்று இடத்தில் கண் வைக்க வேண்டும். யு போல்ட்டைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. ஒருமுறை இறுக்கியதில் அது நீண்டிருக்கும். ரப்பர் புஷ் போல்ட்டுகளை ஜாக்கியில் தொங்கும் வண்டியில் முழுதாக இறுக்கக் கூடாது. நான்கு சக்கரமும் தரையில் நின்று, எடை இறங்கிய பிறகே கடைசி இறுக்கு. இல்லையென்றால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். மூன்றாவது பிரேக் ஹோஸ். பட்டை இப்போது அதிகம் கீழே தொங்கும் என்பதால், சக்கரத்தை முழுதாகத் தொங்கவிட்டு, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசி வரை திருப்பி, ஹோஸ் இழுபடுகிறதா என்று பார்க்க வேண்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் யு போல்ட்டுகளை மறுபடி இறுக்குவதும் கட்டாயம்.

தாண்டிக்குடிப் பக்கம் காபித் தோட்டத்துக்குள் போகும் கற்பாதையில் வித்தியாசம் உடனே தெரிந்தது. முன்பு நடை வேகத்தில் ஊர்ந்த இடத்தில் இப்போது இரண்டாவது கியரில் சீராகப் போக முடிகிறது. டாஷ்போர்டின் கடகட சத்தம் நின்றுவிட்டது. அதைவிடப் பெரிய லாபம் பிடிமானம். ஒரு பக்கச் சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் பட்டை அதோடு கீழே நீண்டு, டயரைத் தரையிலேயே வைத்திருக்கிறது. முன்பு அதே இடத்தில் ஒரு சக்கரம் அந்தரத்தில் சுழலும். ஷாக் தண்டில் ஒரு சின்ன பிளாஸ்டிக் டையைக் கட்டிவிட்டு ஓட்டினேன். அது நகர்ந்த தூரத்தைப் பார்த்தால் ஷாக் எவ்வளவு அமுங்கியது என்று கண்ணாலேயே தெரியும். கடும் பள்ளத்திலும் கடைசி வரை போகவில்லை. இந்தச் சோதனையை எந்த வண்டியிலும் செய்யலாம், செலவே இல்லை.

குறைகளும் உண்டு. வத்தலக்குண்டிலிருந்து ஏறும் வளைவுகளில் வண்டி முன்பை விடச் சாய்கிறது. பிரேக் அடித்தால் மூக்கு கொஞ்சம் அதிகமாகக் குனிகிறது. முன்பக்கம் சற்றே உயர்ந்ததால் ஸ்டீயரிங் பெட்டியிலிருந்து சக்கரத்தைத் திருப்பும் தண்டான டிராக் லிங்கின் சாய்வு மாறி, நேராகப் போகும்போது ஸ்டீயரிங் கோணலாக நின்றது. டிராக் லிங்கின் நீளத்தைச் சரிசெய்ததும் அது தீர்ந்தது.

நீள ஷேக்கிலை நான் ஏன் ஒதுக்கினேன் என்பதையும் சொல்ல வேண்டும். ஷேக்கில் முன்முனையில் இருப்பதால், அதை நீட்டினால் பட்டையின் முன்பக்கம் கீழே இறங்கி, ஆக்ஸிலின் மேற்பகுதி முன்னால் சாய்ந்துவிடும். கேஸ்டர் கோணம் குறையும். திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேருக்கு வராது, வேகமாகப் போகையில் வண்டி அலையும். பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே ஆப்பு வைத்துச் சரிசெய்யலாம்தான். ஆனால் ஓரிரு அங்குல உயரத்துக்காக அப்படி ஒரு நோயை வாங்குவானேன்? ஷேக்கிலைப் பின்முனைக்கு மாற்றுவது ஸ்டீயரிங்கில் ஏறும் அந்தக் குத்துக்கு நேரடி மருந்துதான். ஆனால் அதற்குச் சேஸிஸில் வெல்டிங் வேண்டும். ஆக்ஸில் பின்னால் நகரும் என்பதால் முன் புரொப்பல்லர் ஷாஃப்ட் உள்ளே போகவும் இடம் வேண்டும். பட்டையை ஆக்ஸிலுக்கு மேலே ஏற்றும் வேலை இன்னும் பெரியது. பந்தயப் பாதைக்கு மட்டும் வைத்திருக்கும் வண்டிக்கே பொருந்தும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்தவற்றிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. அதனால் எதைக் கழற்றினாலும் பழைய பட்டையைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள், நான் வைத்திருக்கிறேன்.

வேகம் எடுத்ததும் முன்பக்கம் வெடவெடவென்று ஆடும் வண்டிக்குப் புதுப் பட்டை தீர்வாகாது. அங்கே முதலில் பார்க்க வேண்டியது கிங்பின் பேரிங், டை ராடு முனைகள், வீல் பேலன்ஸ். அவற்றைச் சரிசெய்த பிறகு பட்டைக்கு வாருங்கள். தினமும் உர மூட்டையும் காபி மூட்டையும் ஏற்றுகிற வண்டி என்றால், எடை தாங்கும் செட்டாகக் கேட்டு வாங்க வேண்டும். ஆட்கள் மட்டும் போகும் வண்டிக்கான மென்மையான செட் அங்கே சீக்கிரம் படுத்துவிடும்.