தோளோடு தோள்

மூன்று வாரங்களில் மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் சைக்கிள் மிதித்த பின்பும், முன்னணி வீரர் இருவரின் கதி சில விநாடிகளில் ஊசலாடும் விசித்திரமே டூர் த பிரான்ஸ் பந்தயத்தின் தனி ருசி என்பது என் அபிப்பிராயம்.

1964 ஜூலை 12-ஆம் தேதி, ப்யூய் த தோம் என்னும் அணைந்த எரிமலையின் செங்குத்தான பாதையில், ஒட்டுமொத்தக் கணக்கில் 56 விநாடி முன்னிலையோடு வந்த ழாக் ஆங்கெத்தில், மலையேற்றத்தில் தம்மினும் வல்லவரான ரேமோன் பூலிதோரின் பின்சக்கரத்தை ஒட்டிப் பதுங்கிச் செல்லாமல், முழங்கை உரச அவர் பக்கத்திலேயே ஏறி, தம் சக்தி வற்றிக்கொண்டிருப்பதை எதிராளி ஊகிக்காதபடி ஆடிய நாடகம் அலாதியானது. உச்சிக்கு ஒரு கிலோமீட்டருக்கும் குறைவாக இருக்கையில்தான் பூலிதோர் விலகிப் பாய்ந்தார்; 42 விநாடி ஆதாயம் கிடைத்தது, 14 மிச்சம் நின்றது. முதலிரு இடத்தாரின் மொத்த நேரத்தில் கழிக்கப்படும் போனஸ் விநாடிகளையோ, முன்னமே போய்விட்ட வேறிரு வீரர்களான ஹிமெனெஸும் பஹாமோன்தெஸும் சுவீகரித்துக்கொண்டார்கள்.

போனஸ் என்றதும் மொனாக்கோ ஞாபகம் வருகிறது. அதே டூரில், சில நாட்களுக்கு முன் அங்கே, இன்னும் ஒரு சுற்று பாக்கியிருக்கையிலேயே பந்தயம் முடிந்ததென்று எண்ணிய பூலிதோர் (பரம சாது!), வெற்றிக்குரிய ஒரு நிமிஷ போனஸை ஆங்கெத்திலுக்கே தாரைவார்த்திருந்தார். கடைசி நாள் தனியோட்டமும் தீர்ந்து பாரிஸில் கணக்குப் பார்த்தபோது, இருவருக்கும் இடையே நின்ற வித்தியாசம் 55 விநாடி.