சரஸ்வதி ஸ்டோர்ஸின் கறுப்புத் தட்டுகள்

மான்செஸ்டரில் பஸ்காக்ஸ் என்ற பங்க் குழு 500 பவுண்டு கடன் வாங்கி, 1977இல் சொந்த முத்திரையில் இசைத்தட்டு வெளியிட்டது. சிறு இசைத்தட்டு நிறுவனங்களின் வரலாற்றை அங்கிருந்து தொடங்குவது வழக்கம். அதற்கு 45 ஆண்டு முன்பே, புதுக்கோட்டைச் சமஸ்தானத்தை ஒட்டிய காரைக்குடியிலிருந்து ஓர் இளைஞர் இதே துணிச்சலோடு கிளம்பியிருக்கிறார்.

அவிச்சி செட்டியாரின் கடையில் மற்றச் சாமான்களோடு கிராமபோன் தட்டும் விற்றார்கள். அவர் மகன் மெய்யப்பன்தான் அந்த இளைஞர்; 1932இல் கூட்டாளிகளோடு சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸைத் தொடங்கினார். எச்.எம்.வி.யும் கொலம்பியாவும் கோலோச்சிய சந்தை அது. தட்டில் இருந்தது ஓடியன் என்ற ஜெர்மானிய முத்திரைதான்; ஆனால் யாரைப் பாட வைப்பது, எதைப் பாட வைப்பது என்ற முடிவு வாடிக்கையாளரை நேரில் பார்த்துப் பழகிய தமிழ் வியாபாரிகளிடம் வந்தது. இந்த வரலாற்றில் மிகப் பெரிய மாற்றமாக நான் கருதுவது இதையே.

அக்காலத்தில் நாடகங்களைத் தட்டுத் தட்டாகப் பிரித்து 'செட்' போட்டு விற்றார்கள். 78 சுழற்சித் தட்டில் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓடும். பிறகு தட்டைத் திருப்ப வேண்டும், ஊசியை மாற்ற வேண்டும், சாவி கொடுக்க வேண்டும். வசனமும் பாட்டும் அந்த அளவுக்குள் அடங்கின, தாளம் அடங்கவில்லை. கஞ்சிராவை மேடைக்குக் கொண்டுவந்த மான்பூண்டியா பிள்ளையும் அவர் சீடர் தட்சிணாமூர்த்திப் பிள்ளையும் வளர்த்த புதுக்கோட்டைப் பாணியின் உயிர், தாளக் கருவிகள் மட்டும் ஒலிக்கும் தனியாவர்த்தனத்தில் இருக்கிறது. மூன்று நிமிடத்தில் அதை எங்கே வைப்பது? இந்த இழப்பைப் பற்றி நாம் போதிய அளவு பேசவில்லை.

வளர்ந்த பின் மெய்யப்பன் வேறொரு பக்கம் நின்றார். பாரதி பாடல்களின் இசைத்தட்டு உரிமையை விலைக்கு வாங்கினார். 1947இல் வெளிவந்த அவருடைய 'நாம் இருவர்' படத்தில் டி.கே.பட்டம்மாள் குரலில் அவை நாடெங்கும் ஒலித்தன. அடுத்து டி.கே.எஸ். சகோதரர்கள் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாடலைச் சேர்த்தபோது, அதே உரிமையைக் காட்டி வழக்குக்குப் போனார். எதிர்ப்பு வலுத்தது; 1949இல் பாரதி படைப்புகளின் உரிமை அரசின் கைக்கு வந்தது. மெய்யப்பன் தன் உரிமையைப் பணம் வாங்காமல் கொடுத்தார். அது பெருந்தன்மைதான். ஆனாலும் பாட்டைப் பரப்பிய கையே அதைப் பூட்டவும் முடியும் என்பது அந்த வழக்கில் தெரிந்துபோனது. 2021இல் மாஜா நிறுவனம் வெளியிட்ட 'என்ஜாயி எஞ்சாமி' வரை இந்தச் சிக்கல் நீள்கிறது: பாட்டால் தங்களுக்கு வருவாய் வரவில்லை என்று அதன் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் 2024இல் வெளிப்படையாகச் சொன்னார், நிறுவனம் மறுத்தது.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, அது வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் இருக்கும். பாட்டெழுதியவரின் உரிமை வேறு கணக்கு. ஆக, சரஸ்வதி ஸ்டோர்ஸின் 1930களின் பதிவுகள் இப்போது பொதுச்சொத்து. சென்னையில் ரோஜா முத்தையா நூலகம் பழைய இசைத்தட்டுகளையும் பாதுகாக்கிறது. முதல் பதிப்பு நூல்களுக்கு ஞானாலயா நூலகத்தைத் தந்த புதுக்கோட்டையில் இசைத்தட்டுக்கும் அப்படியோர் இடம் வேண்டும். அந்த வட்டாரத்து ராயவரம், அரிமளம், கோனாபட்டு வீடுகளில் தட்டு அகப்பட்டால், நடுவில் ஒட்டிய தாளுக்குப் பக்கத்தில் அரக்கில் பொறித்திருக்கும் எண்ணை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். தாள் கிழிந்துபோனாலும், பதிவை அடையாளம் காண அந்த எண் உதவும்.